சாட்சிக் கூண்டிலிருந்து வாசல் வரை

என் அக்காவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. நான் அப்போது பிறந்திருக்கவில்லை. காய்ச்சல் விட்ட நாலாம் நாள் இடுப்பிலிருந்து இறக்கிவிட்டபோது இடது கால் நிற்காமல் மடங்கிப்போனதாக அம்மா சொல்வாள். எனக்குத் தெரிந்த அக்கா எப்போதும் இடது கையைத் தொடையில் ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து நடப்பவள். அக்கா என்றால் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் நடப்பார்கள் என்று ஐந்து வயது வரை நினைத்திருந்தேன்.

அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் கேங்மேன். தண்டவாளத்தைச் சரிபார்த்துக்கொண்டு வெயிலில் மைல் கணக்கில் நடக்கிற வேலை. அவருடைய ஊர் வளவனூருக்கு உள்ளே தள்ளி இருந்தது. அங்கே நெல்லும் கரும்பும் விளைந்த நிலம் எதுவும் எங்களுடையது இல்லை. அந்த நிலங்களில் கூலிக்கு இறங்கியவர்கள் எங்கள் ஆட்கள். ரயில்வேயில் எடுத்ததும் அப்பா ஊரை விட்டு குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டார். அம்மா மல்லாட்டை மில்லில் நிலக்கடலையில் சொத்தை பொறுக்கப் போனாள். நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும்தான்.

பள்ளிக்கூடத்துக்கு நானும் அக்காவும் சேர்ந்து போவோம். அவள் என்னைவிட நாலு வயது மூத்தவள். அவள் பையையும் நான்தான் தூக்குவேன். மற்றவர்களுக்குப் பத்து நிமிஷம் ஆகிற தூரம் எங்களுக்கு அரை மணி. அந்த அரை மணியில் அக்கா எனக்குக் கணக்கு சொல்லித் தருவாள். ரயில் வண்டிகளின் பெட்டியை எண்ணச் சொல்லி, அதைப் பெருக்கச் சொல்லி, வகுக்கச் சொல்லி. பின்னால் வரும் பையன்கள் கையைத் தொடையில் வைத்துக்கொண்டு அவளைப் போலவே நொண்டிக் காட்டுவார்கள். நான் கல்லை எடுப்பேன். அக்கா திரும்பாமலேயே சொல்வாள்.

"வுடுடி. அவனுக்கு ஏழாம் வாய்ப்பாடே வராது. அதான் பின்னால வந்துக்கினு கீறான்."

அக்கா திண்டிவனத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்தாள். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் கார்டு வருமென்று காத்திருந்தாள். அதற்குள் நான் மெட்ராஸில் சட்டம் படித்துவிட்டு வந்தேன். எண்பத்திரண்டில் திண்டிவனத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். காலை பாசஞ்சரில் விழுப்புரத்திலிருந்து போய், சாயங்காலம் திரும்புவேன். அந்த பாரில் அப்போது பெண் வக்கீல் நான் ஒருத்திதான்.

அந்த வருடம் ஜூன் மாதத்தில் அக்காவுக்கும் ஒரு வேலை வந்தது. திண்டிவனத்திலிருந்து பஸ் மாறிப் போகிற ஒரு கிராமத்தில், அரசு உதவி பெறும் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அங்கே ஒரு டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். அந்த இடத்துக்குத் தற்காலிகமாக எடுத்தார்கள். காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனோம். மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் அவளுக்கு. ரயிலில் வரும்போதெல்லாம் பிள்ளைகளைப் பற்றித்தான் பேச்சு. ஒருத்தி கழித்தலில் கடன் வாங்க மாட்டேன் என்கிறாளாம். அம்மா யாரிடமும் கடன் வாங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாளாம். அக்கா சிரித்துக்கொண்டே வருவாள். அவள் அவ்வளவு பேசி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

விடுப்பில் போன டீச்சர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த இடம் நிரந்தரமாகக் காலியானது. அக்காதான் அதில் உட்காரப் போகிறாள் என்று தலைமையாசிரியரே சொன்னார். முழு வருடமும் பாடம் எடுத்து, பரீட்சையும் நடத்தி முடித்திருந்தாள். மே மாதம் தாளாளர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். அன்றைக்கு அவள் திரும்பி வந்து என் சீனியர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. கையில் ஒரு கடிதம். உடற்குறை காரணமாகப் பணிக்கு ஏற்றவரல்லர் என்று ஒரே வரி.

"இன்னாக்கா சொன்னாரு?"

"மரியாதையாத்தான் பேசனாரு. பிள்ளைங்க என்ன மாதிரி நடந்து பழவிடுமாம். பாத்தாராம்."

பிள்ளைகள் மதியம் சாப்பிட்டுவிட்டு டீச்சர் விளையாட்டு விளையாடுவார்கள். யார் டீச்சரோ அவர்கள் கையைத் தொடையில் ஊன்றிச் சாய்ந்து சாய்ந்து நடப்பார்கள். டீச்சர் என்றால் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று அவர்களுக்கு நினைப்பு. பள்ளிக்கு வந்த தாளாளர் அதைப் பார்த்துவிட்டார்.

"கேலி பண்ணாங்களா?" என்று கேட்டேன்.

"கேலி எனக்குத் தெரியாதாடி? இது கேலி இல்ல."

சொல்லும்போதுதான் அவள் கண் கலங்கியது.

வழக்குப் போடலாம் என்று சொன்னது நான். அக்கா வேண்டாம் என்றாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. "வேற இஸ்கூலு பாத்துக்கலாம். கோர்ட்டு, வாய்தான்னு பேஜாரு புடிச்ச வேலைடி அது." நான் விடவில்லை. சாப்பிடும்போதும் ரயிலிலும் அதையே பேசினேன். கடைசியில் அவள் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டது, என் பேச்சு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

என் சீனியர் நல்ல மனிதர். பிராதை எழுதிக்கொண்டு போய் நீட்டியபோது முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தச் சட்டத்துலம்மா போடற?"

"அரசியல் சாசனம் சார். பதினாலாம் பிரிவு. எல்லாரும் சமம்."

"அது எல்லாருக்கும் பொதுவா சொன்னது. காலு பத்தி எங்க போட்டிருக்கு?"

எங்கும் போடவில்லை. பதினைந்தாம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது. அந்தப் பட்டியலில் எங்கள் வீட்டுக்காக எழுதியது மாதிரி சாதி இருந்தது, பால் இருந்தது. அக்காவின் கால் இல்லை. பாசஞ்சரில் உட்கார்ந்து அந்த ஐந்து வார்த்தைகளையும் திரும்பத் திரும்பப் படிப்பேன். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் கரும்புப்பாகு வாசம் வரும். படித்துக்கொண்டே இருந்தால் ஆறாவதாக ஒரு வார்த்தை தெரிந்துவிடும் என்பது போல.

வழக்கு நடந்தது. திண்டிவனத்தில் இருந்த கோர்ட்டுகளில் ஒன்றில், இரண்டு வருடத்துக்கும் மேலாக. முக்கால்வாசி நாள் வாய்தாதான். அந்தக் கட்டடத்துக்கு ஏழு படிகள். கைப்பிடி கிடையாது. அக்கா ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்தப் படிகளில் கையை ஊன்றி, ஏறக்குறைய தவழ்வது மாதிரி ஏறுவாள். அவள் வரத் தேவையில்லை. கட்சிக்காரர் வந்து உட்கார்ந்தால் நீதிபதிக்கு மனசு இளகும் என்று நான்தான் வரச் சொன்னேன். வராந்தாவில் பெஞ்சு கிடைக்காத நாட்களில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டு போவார்கள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. என் மேஜையில் சட்டப் புத்தகங்கள் இருந்தன, எனக்கு முதல் பெரிய வழக்கு, எனக்கு இருபத்தாறு வயது.

சாட்சி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். ஒரு வாரம் முன்னால் அக்காவிடம் சொன்னேன். "காலிப்பர் போட்டுக்கினு வாக்கா."

பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்தது அது. தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, நடுவில் தோல் பட்டைகள், கீழே கனமான பூட்ஸ். போட்டால் கையை ஊன்றாமல் நிமிர்ந்து நடக்கலாம். ஆனால் அக்கா அதைப் போடுவதே இல்லை. தொடையை உராய்ந்து புண்ணாக்கும். பள்ளிக்கூடத்துக்கும் அதில்லாமல்தான் போய்வந்தாள்.

"அது எதுக்குடி?"

"நிமுந்து நடந்தா பாக்கறவங்களுக்கு நல்லாருக்கும்க்கா."

அவள் பழகிக்கொள்வதற்காக ஒரு வாரம் வீட்டிலேயே அதைப் போட்டுக்கொண்டு அறைக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தாள். இரும்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா மஞ்சள் குழைத்துப் புண்ணில் பூசினாள்.

அந்த நாளில் அப்பாவும் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கோர்ட்டில் கடைசி வரிசையில் சுவரோரமாக நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அக்கா கூண்டில் ஏறினாள். எதிர்தரப்பு வக்கீல் வயதானவர், அனுபவசாலி. கத்தவோ மிரட்டவோ மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் விசாரிப்பது மாதிரிக் கேட்டார்.

"ஏம்மா, ஒரு பையன் கெணத்துப் பக்கம் ஓடறான்னு வச்சுக்குவோம். நீங்க ஓடிப் புடிப்பீங்களா?"

"என்னால ஓட முடியாதுங்க."

"அப்ப புள்ள கதி என்ன?"

"அந்தக் கெணத்துக்குச் செவுரு இல்லைங்க. கட்டணும்னு ரெண்டு தரம் எழுதிக் குடுத்தேன். இன்னும் கட்டலைங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீல் லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்ததற்குப் போனார்.

"புள்ளைங்க உங்கள மாதிரியே நடந்து காட்டுதுங்களாமே?"

"ஆமாங்க. டீச்சர் விளையாட்டு விளையாடும்போது. யாரு டீச்சராவறதுன்னு சண்டைகூட வரும்ங்க. எல்லாருக்கும் டீச்சராவணும்னு ஆசை."

அவள் குரல் நடுங்கவில்லை. கரும்பலகைக்கு முன்னால் நிற்பது மாதிரி நின்றிருந்தாள். இனிக் கேள்வி இல்லை என்று அவர் உட்கார்ந்துவிட்டார். என் சீனியர் என் கவுனைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

"அவங்களே முடிச்சுட்டாங்க. நீ ஒண்ணும் கேக்காத."

நான் நீதிபதியைப் பார்த்தேன். அவர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அக்கா சொன்னது அவர் காதில் விழுந்ததா என்றே சந்தேகம். வார்த்தை போதாது, அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்தேன். மறு விசாரணை என்று சொன்னேன்.

"சாட்சி இந்தக் கூண்டிலேர்ந்து வாசல் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வர முடியுமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சரியாகக் காதில் விழவில்லையோ என்பது மாதிரி பார்த்தாள். வீட்டில் நான் அவளை அக்கா என்றும் நீ என்றும்தான் சொல்வேன். அங்கே சாட்சி என்றேன்.

"முடியும்ங்க" என்றாள் என்னிடம்.

கூண்டிலிருந்து இறங்கினாள். முழங்கால் மடங்காமல் இருக்க காலிப்பரின் பூட்டைக் குனிந்து போட்டுக்கொண்டாள். பிறகு நடந்தாள். இடது கை தன்னால் தொடைக்குப் போனது. போனதும் அதை எடுத்து, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று நான் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. வாசல் வரை முப்பது அடி இருக்கும். பூட்ஸ் தரையில் மோதுகிற சத்தம், இரும்பு உரசுகிற சத்தம். பெஞ்சில் இருந்தவர்கள் காலை உள்ளே இழுத்து வழி விட்டார்கள். வாசலில் திரும்பும்போது கொஞ்சம் தடுமாறினாள். விழவில்லை. திரும்பி வரும்போது நெற்றியெல்லாம் வியர்வை.

அவள் கூண்டுக்குப் பக்கத்தில் வந்ததும் எதிர்தரப்பு வக்கீல் எழுந்தார். அப்போதும் மரியாதையாகத்தான் பேசினார்.

"வாதி ஏதோ கருவி மாட்டியிருக்கற மாதிரி சத்தம் கேக்குது. கருவியோட உதவி இல்லாம நடந்தாங்களா, உதவியோட நடந்தாங்களான்னு கோர்ட்டுக்குத் தெரியணும். சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்லலாம்."

நான் அப்போது ஆட்சேபம் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை. அதற்குத்தான் கறுப்பு கோட் போட்டிருந்தேன். ஆட்சேபித்தால் எதையோ மறைக்கிறோம் என்று நீதிபதி நினைத்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். அந்த விநாடிகளில் நான் அவள் தங்கையாக இருக்கவில்லை. வக்கீலாகவும் இருக்கவில்லை.

அக்கா எனக்காகக் காத்திருந்தாள். நான் வாய் திறக்கவில்லை என்றதும் குனிந்து சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கினாள். சூம்பிய கால், கம்பி, தோல் பட்டை, பட்டைக்கு மேலே மஞ்சள் பூசிய புண். நாற்பது ஐம்பது ஆண்கள் இருந்த அறை. நான் பார்த்தது நீதிபதியை. அவர் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதினார்.

திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசையில் அப்பா இல்லை.

அவரை ரயில்வே ஸ்டேஷனில்தான் கண்டோம். பிளாட்பாரத்தின் கோடியில் நின்று தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வந்தது. மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தோம். மயிலம் தாண்டியதும் அப்பா என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"பெத்தவனே அத்தப் பாத்து எத்தினி வருசம் ஆச்சு தெரியுமா உனக்கு?"

அக்கா பெரியவளானதிலிருந்து அவள் காலை அம்மாவைத் தவிர யாரும் பார்த்ததில்லை. எனக்கே அது தெரியும்.

பேரணி ஸ்டேஷனில் வண்டி நின்றபோது அக்கா என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"நான் நல்லா நடந்தேனா?"

"நல்லா நடந்தேக்கா."

"அப்ப சரி" என்றாள்.

விழுப்புரம் வந்து இறங்கும்போது பட்டையெல்லாம் ரத்தம் ஒட்டியிருந்தது. மறுநாள் காலை அம்மா வெந்நீர் வைத்து அவள் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா என்னைக் கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

"ஏண்டி, நான் அந்த இஸ்கூலுக்கு நடக்கறத்துக்கா போனேன்? கணக்கு சொல்லிக் குடுக்கத்தான போனேன். அத்த வுட்டுட்டு நடக்கறதப் பத்தி நீ ஏன் கேட்டே?"

எனக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது. வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். வந்தும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வழக்கு தள்ளுபடி. தீர்ப்பின் நகலை வராந்தாவிலேயே நின்று படித்தேன். கிணற்றுச் சுவரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. டீச்சர் விளையாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. வாதி இரும்புக் கருவி மாட்டிக்கொண்டும் மிகுந்த சிரமத்தோடும்தான் நடக்கிறார் என்பதை இந்த நீதிமன்றம் நேரில் கண்டது என்று இருந்தது. எதிர்தரப்பு கொண்டுவந்த எந்தச் சாட்சியமும் அந்த அளவுக்கு வலுவாக இல்லை. எங்களைத் தோற்கடித்த சாட்சியத்தை நான்தான் எழுந்து நின்று கேட்டு வாங்கியிருந்தேன்.

சீனியர் படித்துவிட்டு நகலை மடித்து என்னிடம் கொடுத்தார். கவுனைப் பிடித்து இழுத்ததை அவர் அன்றும் சொல்லிக்காட்டவில்லை, பிறகும் சொல்லிக்காட்டவில்லை.

அப்பீல் போட்டேன். அக்கா கையெழுத்துப் போட்டாள். "வர மட்டும் சொல்லாத" என்றாள். நான் சொல்லவில்லை. அப்பீலை சீனியரே நடத்தினார். மேலும் ஒன்றரை வருடம். அதில் பாதி ஜெயித்தோம். அக்காவின் விளக்கத்தைக் கேட்காமல் முடிவெடுத்தது தவறு, அவரை மறுபடி அழைத்து, பரிசீலித்து, புதிதாக முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவு. காலைப் பற்றி அதிலும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஓடினேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. இன்ன தேதியில் நேரில் வரவும், பணிக்குத் தேவையான உடல் தகுதி இருப்பதை நேரில் மெய்ப்பிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். அக்கா இரண்டு தடவை படித்தாள்.

"மெய்ப்பிக்கறதுன்னா நடந்து காட்டணுமா?"

"அப்படித்தான் இருக்கும்க்கா. இந்தத் தரம் நான் கூட வர்றேன். கேக்க வுட மாட்டேன்."

"ஒரு தரம் நடந்தாச்சுடி" என்றாள்.

அவள் போகவில்லை. நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒரு நாள் சாப்பிடாமல்கூட இருந்தேன். அம்மா சொன்னாள், அப்பா சொன்னார். அந்தத் தேதி வந்து போனது. வேறு ஒருவரை எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அக்கா விழுப்புரத்தில் ஒரு பைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பள்ளிக்கூட நோட்டுகளை அடுக்கித் தைத்து, ஓரத்தில் பசை தடவுகிற வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். யாரும் நடந்து காட்டச் சொல்லவில்லை. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் கணக்கு சொல்லித் தரச் சொல்லி வந்தபோது, நேரமில்லை என்று திருப்பி அனுப்பினாள். நேரம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

அந்தச் சாட்சி விசாரணைக்குப் பிறகு என்னால் யாரையும் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியவில்லை. குறுக்கு விசாரணை வந்தால் சீனியரிடமே தள்ளிவிட்டேன். அப்பீல் நடந்துகொண்டிருந்தபோதே மேல்படிப்பு படித்து, எண்பத்தெட்டில் மெட்ராஸ் சட்டக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். அப்போது உடற்குறை உள்ளவர்களின் உரிமை என்று ஒரு பாடமே கிடையாது. அரசியல் சாசன வகுப்பில் பதினைந்தாம் பிரிவு வரும்போது அந்த ஐந்து வார்த்தைகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, இதில் யார் இல்லை என்று மாணவர்களைக் கேட்பேன். முதல் வருடம் யாருக்கும் பதில் தெரியவில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் ஊருக்குப் போனபோது அக்கா கேட்டாள். "நின்னுக்கினா பாடம் எடுக்கற?"

"ஆமாக்கா."

"உக்காந்து எடுத்தா வேலைய வுட்டு அனுப்பிடுவாங்களா?"

"மாட்டாங்க."

"ம்" என்றாள். பிறகு மெட்ராஸில் தண்ணீர்க் கஷ்டம் எப்படி என்று விசாரித்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் உடற்குறை உள்ளவர்களுக்கென்று சட்டம் வந்தது. அது எனக்கு முழுநேர வேலையாகிவிட்டது. பேராசிரியரானேன், கமிட்டிகளில் உட்கார்ந்தேன், ஆலோசனை கேட்டு வந்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். பாகுபாட்டுச் சட்டம் என்றால் என் பெயரைச் சொல்கிற நிலைமை வந்தது. கால் இல்லாதவர், பார்வை இல்லாதவர், காது கேளாதவர் என்று எத்தனையோ பேர் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். என்னால் முடியும் என்று காட்டுகிறேன் மேடம் என்று எழுந்திருப்பார்கள். தயவுசெய்து உட்காருங்கள் என்பேன். வேலை என்ன, அந்த வேலைக்கு என்ன வேண்டும், அந்த இடத்தில் எதை மாற்றினால் நீங்கள் அதைச் செய்யலாம், அதை மட்டும் சொல்லுங்கள் என்பேன். இதைப் பெரிய தத்துவம் என்று நினைத்துக் குறிப்பெடுத்துக்கொண்ட மாணவர்கள் உண்டு. அது வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அக்கா கேட்ட கேள்விதான். எனக்குப் புரிய அத்தனை வருடம் ஆனது. வகுப்பில் ஒருநாளும் அவளைப் பற்றிச் சொன்னதில்லை. ஒரு பழைய வழக்கு என்று சொல்வேன். வாதியின் வக்கீல் யார் என்று யாராவது கேட்டால், அனுபவம் இல்லாத ஒரு ஜூனியர் என்பேன்.

ஆனால் நான் கடைசியாக எழுத வேண்டியது இதுதான். எண்பத்தொன்பதில் அக்காவுக்கு இடுப்பு வலி தாங்க முடியாமல் போனது. நாள் முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து வேலை செய்ததால் வந்தது என்றார்கள். பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அம்மா சாப்பாடு எடுத்துவரப் போயிருந்தாள். மத்தியான நேரம், வார்டில் ஏறக்குறைய எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா விழித்திருந்தாள். அவள் கால் போர்வைக்கு வெளியே இருந்தது. நான் போர்வையை இழுத்து மூடினேன். மூடும்போது, நாலு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது தானாக வாயில் வந்துவிட்டது.

"அன்னிக்குக் கோர்ட்டுல உன்ன நடக்க வெச்சது தப்புக்கா. சேலையத் தூக்கச் சொன்னப்ப நான் எந்திரிச்சு நின்னிருக்கணும்."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டுத்தள்ளு என்று சொல்வாள், நீ நல்லதுக்குத்தானே செய்தாய் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சின்ன வயதிலிருந்து நான் எதை உடைத்தாலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

"தப்புதான்" என்றாள்.

அவ்வளவுதான். குரலில் கோபமில்லை. கூட்டல் சரியா என்று கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்வது மாதிரிச் சொன்னாள். நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. "தண்ணி குடு" என்றாள். தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தேன். குடித்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அக்கா பல வருடம் இருந்தாள். தீபாவளி, பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனால் எனக்குப் பிடித்த மீன் குழம்பு வைப்பாள். என் வேலையைப் பற்றி விசாரிப்பாள். அப்பா போனபோது நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டுதான் அழுதோம். அந்த வழக்கை மட்டும் மறுபடி பேசவில்லை. அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைத்தான் சொல்லியிருப்பாள்.